பத்திரம் தொலைந்தால் நிலம் தொலைந்துவிடுமா?

திறக்க மறுக்கும் கம்ப்யூட்டர் டிஸ்கை மீட்பது எப்படி?

வட சென்னையில் மெட்ரோ ரயில் திருவொற்றியூர் தேரடியை அடைவதற்கு முன்னால் ஒரு நிலையத்தில் நிற்கும். அந்த இடத்தின் பெயர் காலடிப்பேட்டை.

யாருடைய காலடி அது?

யாருடைய காலடியும் அல்ல! 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட் என்ற ஆங்கிலேயர். நெசவாளர்களைக் குடியேற்றி அவர் உண்டாக்கிய ஊருக்குக் "காலெட் பேட்டை" என்று பெயர். அந்தப் பெயர் மக்கள் நாவில் தேய்ந்து தேய்ந்து, "காலடிப்பேட்டை" ஆகிவிட்டது.

பெயர்தான் சிதைந்தது. ஊர் சிதையவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கம்ப்யூட்டர் டிஸ்க் கெட்டுப்போவதும் பல சமயம் இதைப் போன்றதுதான்!

"ஃபார்மட் செய்யட்டுமா?"

ஒரு வீட்டில் 10 ஆண்டுப் படங்கள் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மகள் கல்யாணம், பேரனின் முதல் பிறந்த நாள், காலமான பெரியவரின் குரல், எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

ஒரு நாள் டிஸ்க் ஓடிக்கொண்டு இருக்கும்போது கரண்டு போய்விடுகிறது. அல்லது, வேலை முடிவதற்குள் யாரோ அவசரமாக வயரைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

மறுபடியும் சொருகினால், டிஸ்க் திறக்கவில்லை. "மவுன்ட் ஆகவில்லை" என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்வது இதைத்தான். திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது: "இந்த டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யட்டுமா?"

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "ஆம்" என்று அழுத்திவிடுகிறார்கள்.

அழுத்தக்கூடாது!

பாகப்பிரிவினை

அது ஏன் என்று தெரிந்துகொள்ள, டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

டிஸ்க் என்பது பெரிய நிலம் மாதிரி. அதைப் பல மனைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு மனையும் ஒரு "பார்ட்டிஷன்". நம் வீடுகளில் நடக்கும் பாகப்பிரிவினைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்!

பாகம் பிரித்தால் பத்திரம் எழுத வேண்டும் அல்லவா? டிஸ்கிலும் எழுதுகிறார்கள். பழைய முறையில், டிஸ்கின் முதல் 512 பைட்டுகளில் இந்தப் பத்திரம் இருக்கும். எந்த மனை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற கணக்கு அதில் உண்டு.

ஒவ்வொரு மனைக்குள்ளும் இன்னொரு பதிவேடு இருக்கிறது. எந்தப் படம் எந்த மூலையில் இருக்கிறது என்று அது சொல்லும்.

இந்தப் பத்திரமோ பதிவேடோ கெட்டுவிட்டால், கம்ப்யூட்டருக்கு வழி தெரியாது. "இங்கே ஒன்றும் இல்லை" என்று அது நினைத்துக்கொள்ளும். ஆனால் படங்கள் அழியவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

பத்திரம் தொலைந்தால் நிலமா தொலைந்துவிடும்?

ஃபார்மட் செய்வது என்பது, அந்த மனைக்குப் புதிதாக வெற்றுப் பதிவேடு எழுதுவது. "குவிக் ஃபார்மட்" என்றால் மீட்பதற்கு ஓரளவு வழி உண்டு. முழு ஃபார்மட் என்றால், விஸ்டா முதலான விண்டோஸ் வகைகள் டிஸ்க் முழுவதிலும் பூஜ்யங்களை எழுதிவிடும். அதன் பிறகு அங்கே படமும் இல்லை, பாட்டும் இல்லை!

1999-ல் வந்த ஆபத்து

உலகம் முழுவதும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட நாள் ஒன்று உண்டு. அது, 1999-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி.

தைவான் நாட்டு மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய "சி.ஐ.எச்." என்ற வைரஸ், அன்று பல நாடுகளில் விழித்துக்கொண்டது. செர்னோபில் அணு உலை விபத்து நடந்ததும் (1986) அதே ஏப்ரல் 26-ல்தான். அதனால் "செர்னோபில் வைரஸ்" என்றும் இதை அழைத்தார்கள். இந்தியாவிலும் ஏராளமான கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன.

அந்த வைரஸ் என்ன செய்தது? டிஸ்கின் முதல் 1 மெகாபைட் இடத்தில் வெறும் பூஜ்யங்களை எழுதியது. பத்திரம் இருப்பது அங்கேதானே! கம்ப்யூட்டர்கள் ஊமையாகிவிட்டன. "எல்லாம் போயிற்று" என்று மக்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் எல்லாம் போகவில்லை. அந்தக் கால விண்டோஸ், பதிவேட்டை 2 பிரதிகளாக வைத்து இருந்தது. பெரிய டிஸ்குகளில் 2-வது பிரதி, வைரஸ் அழித்த 1 மெகாபைட்டுக்கு அப்பால் இருந்தது. அது தப்பித்துக்கொண்டது!

அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்டீவ் கிப்சன் என்பவர், அந்த 2-வது பிரதியைக் கொண்டு டிஸ்கை மீட்கும் புரோகிராமை எழுதி இலவசமாகவே கொடுத்தார். பொறுமையாக இருந்த பலருக்கு டிஸ்க் உயிர் பெற்றது. அவசரப்பட்டு ஃபார்மட் செய்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டது.

என்ன செய்ய வேண்டும்?

டிஸ்க் திறக்கவில்லையா? இதோ, வரிசையாகச் செய்ய வேண்டியவை:

1. அந்த டிஸ்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள்.

2. வயரை மாற்றிப் பாருங்கள். வேறு துளையில் சொருகுங்கள். வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். சில சமயம் குற்றவாளி, வயராகவே இருக்கும்!

3. டிஸ்கை அப்படியே இன்னொரு டிஸ்குக்கு நகல் எடுக்க வேண்டும். இதுதான் முக்கியம். "டிடி ரெஸ்க்யூ" என்ற இலவசப் புரோகிராம் இதற்கு உதவும். நல்ல பகுதிகளை அது முதலில் படித்துவிடும். கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வந்து முயற்சி செய்யும்.

4. ரிப்பேர் வேலையை நகலில் செய்யுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள். கை தவறினாலும் மூலம் பத்திரமாக இருக்கும்.

"டெஸ்ட் டிஸ்க்" என்று ஓர் இலவசப் புரோகிராம் இருக்கிறது. எழுதியவர், பிரான்ஸ் நாட்டு கிறிஸ்டோஃப் கிரெனியே. இது சர்வேயர் மாதிரி வேலை செய்யும். பத்திரம் இல்லாவிட்டாலும், நிலத்தில் எல்லைக்கல் இருக்கும் அல்லவா? அந்தக் கற்களைத் தேடிக் கண்டுபிடித்து, பத்திரத்தை மறுபடியும் எழுதிக்கொடுக்கும்.

5. அதிலும் முடியாவிட்டால், "ஃபோட்டோ ரெக்" இருக்கிறது. இதுவும் கிரெனியே எழுதியதே. இது பதிவேட்டையே பார்ப்பது இல்லை. படங்களின் அடையாளத்தை வைத்து நேராகத் தேடுகிறது. "ஜேபெக்" படம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரியான குறியோடுதான் தொடங்கும். அதைக் கண்டதும் படத்தை அள்ளிவிடும். படம் கிடைக்கும்; ஆனால் வைத்த பெயர் கிடைக்காது.

6. விண்டோஸில் "செக் டிஸ்க்" என்ற கட்டளை உண்டு. அதை முதலிலேயே ஓடவிடாதீர்கள். அது டிஸ்கில் எழுதித் திருத்தக்கூடும். தனக்குப் புரியாத துண்டுகளை வெட்டி ஒதுக்கிவிடக்கூடும். நகல் எடுத்த பிறகு அதை முயற்சி செய்யலாம்.

எப்போது கை வைக்கக்கூடாது?

டிஸ்கில் "டக், டக்" என்று சத்தம் கேட்டால், உடனே நிறுத்திவிடுங்கள். கெட்டது பத்திரம் அல்ல. உள்ளே இருக்கும் எந்திரமே கெட்டு இருக்கலாம். ஒவ்வொரு சுற்றும் தட்டைச் சுரண்டக்கூடும். திறந்து பார்ப்பதும் கூடாது. ஒரு தூசி போதும், தட்டைக் கெடுக்க! தூசி இல்லாத அறை உள்ள நிபுணர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்குக்கும் இதே விதிதான். அதற்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். வெயிலில் காயவைக்காதீர்கள்.

நிபுணர்களால் எவ்வளவு முடியும்?

2003-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, கொலம்பியா விண்கலம் வானில் சிதறியது. இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உள்பட 7 பேர் உயிர் இழந்தார்கள். பூமியில் விழுந்த துண்டுகளில் கருகிய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் இருந்தது. வெளிப்புறம் உருகிப்போய் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த தட்டுகளைச் சுத்தம் செய்து, வேறொரு டிஸ்கில் பொருத்தினார்கள். விண்கலத்தில் நடந்த ஆராய்ச்சி பற்றிய தகவலில் 99 சதவீதத்தை மீட்டுவிட்டார்கள்! அந்த ஆராய்ச்சி முடிவு 2008-ல் வெளியாயிற்று.

ஆனால், எல்லா டிஸ்குக்கும் அந்த யோகம் இல்லை. இப்போது வரும் "எஸ்.எஸ்.டி." வகை வேறு. அதில் ஒரு படத்தை அழித்தால், அது இருந்த இடத்தை எஸ்.எஸ்.டி. தானாகவே துடைத்துவிடக்கூடும். பிறகு எந்த சர்வேயர் வந்தாலும் எல்லைக்கல் கிடைக்காது.

3 பிரதிகள்

கெட்ட பிறகு மீட்பதைவிட, கெடுமுன் காப்பது எளிது. நிபுணர்கள் சொல்லும் கணக்கு இதுதான்: 3 பிரதிகள். அவற்றை 2 வகைப் பொருள்களில் வையுங்கள். ஒன்றையாவது வேறு இடத்தில் வையுங்கள்.

வேறு இடம் எதற்கு? வட சென்னை மக்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியது இல்லை. 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" புயல் மழையின்போது, எண்ணூர், எர்ணாவூர் பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. அப்படிப்பட்ட நாளில், ஒரே பீரோவில் 3 டிஸ்குகள் இருந்தால் மூன்றும்தான் நனையும். ஒன்று வெளியூரில் அக்காள் வீட்டில் இருந்தால், அது பிழைக்கும்.

டிஸ்கை எடுக்கும்போது, "எஜெக்ட்" கொடுத்துவிட்டு எடுங்கள். அதற்குச் சில வினாடிகள் போதும்.

இதை எல்லாம் மீறி டிஸ்க் என்றாவது திறக்க மறுத்தால், பதற வேண்டாம். திரையில் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேள்வி வரும். "வேண்டாம்" என்று அழுத்துங்கள்.

உங்கள் வீட்டுப் படங்களைக் காப்பாற்றும் முதல் வேலை அதுதான்!