ஜீவசத்தின் மிகுதியும் உறையாத இரத்தமும்

காயம்பட்ட இடத்தில் இரத்தம் தானே உறைந்து நின்றுவிடுவதை நாம் சாதாரணமாக எண்ணிவிடுகிறோமாயினும், அதற்கு இன்றியமையாத பிராத்திராம்பின் முதலிய நான்கு புரதங்களை, 'கே' வைட்டமினின் துணையின்றிக் கல்லீரலால் செவ்வனே ஆக்க இயலாது. கோபன்ஹேகன் நகரில் 1929ஆம் ஆண்டு வாக்கில், கொழுப்பு நீக்கிய ஆகாரத்தைக் கோழிக்குஞ்சுகளுக்கு அளித்துக் கொலஸ்டிராலைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஹென்ரிக் டாம், அவற்றின் தோலுக்கடியிலும் தசைகளிலும் இரத்தம் கசிந்து தேங்குவதைக் கண்டார். அதன் காரணத்தைத் தேடிச் சென்றதன் பயனாகவே இந்தச் சத்து வெளிப்பட்டது. இதற்காக 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும், இச்சத்தை ஆராய்ந்த எட்வர்ட் டாய்சிக்கும் கிடைத்தது.

குறைவினால் இரத்தம் உறையாமற்போவது எளிதில் விளங்கும். ஆனால், ஆகாரத்தில் 'கே' இருந்தும், வேறொரு ஜீவசத்தின் (வைட்டமினின்) மிகுதியால் அதே அபாயம் நேரக்கூடும் என்பதே இதில் மிகவும் சிந்திக்கத்தக்க விஷயமாக எனக்குத் தோன்றுகிறது.

'ஈ' வைட்டமினை மிக அதிகமாக உண்ட கோழிக்குஞ்சுகளில் இரத்தம் உறைவதற்கு நீண்ட நேரம் பிடித்ததென்றும், 'கே' வைட்டமினைச் செலுத்தியதும் அக்குறை நீங்கியதென்றும் பரிசோதனைகள் காட்டியுள்ளன. 'ஈ' வைட்டமின் ஆக்ஸிஜனேற்றம் பெற்றுக் குயினோன் என்னும் வடிவை அடையும்போது, அது 'கே' வைட்டமினைப் பெரிதும் ஒத்திருப்பதனால், புரதங்களுக்குக் கால்சியத்தைப் பற்றும் ஆற்றலைத் தரும் நொதியைத் தடுத்துவிடுகிறது; அவ்வாற்றலைப் பெறாத புரதம் இரத்தத்தில் சுற்றிவந்தும் பயனில்லை. எலிகளில் 'ஏ' வைட்டமினின் மிகுதியும் இத்தகைய இரத்தக் கசிவை உண்டாக்குகிறது. 'ஈ', 'ஏ' ஆகிய இவ்விரண்டும் கொழுப்பில் கரைபவை. ஆகவே, நீரில் கரையும் சத்துக்களைப்போல் எளிதில் சிறுநீருடன் வெளியேறாமல் உடலில் தங்குகின்றன.

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, இளஞ்சிவப்பு முதுகுடைய கூழைக்கடாக்களுக்கு ஒரு மிருகக்காட்சிசாலையில் நேர்ந்தது இதற்கு வருந்தத்தக்க சான்றாகும். உறையவைத்துச் சேமித்த மீனில் 'ஈ' குறைந்துபோவதனால், அத்தகைய மீனுண்ணும் பறவைகளுக்கு அதை மேலதிகமாகக் கொடுப்பது வழக்கம். அவ்வாறு கொடுத்தது மிஞ்சியபோது அவற்றின் இரத்தம் உறையும் தன்மையை இழந்ததென 1989ஆம் ஆண்டில் வைத்தியர்கள் எழுதினர். பறவைகளைப் பொறுத்தவரை இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும். ஏனெனில் கோழி போன்றவற்றின் குடல் குட்டையாகையால், அங்குள்ள நுண்ணுயிர்கள் ஆக்கும் 'கே' அவற்றுக்குப் பெரிதும் உதவுவதில்லை. பெரும்பாலும் தீனியையே நம்பியிருக்கின்றன. எனவே, சத்து மருந்தைக் கூட்டும் முன், மற்றச் சத்துக்களின் அளவையும் தீனியில் கணக்கிடவேண்டும். ஐயமிருப்பின், இரத்தம் உறையப் பிடிக்கும் காலத்தைக் காட்டும் பிராத்திராம்பின் நேரத்தைச் சோதித்தால், வெளியே இரத்தம் கசியுமுன்னரே குறை தெரிந்துவிடும்.