சுவரும் சித்திரமும்

‘சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுத வேண்டும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. உடலைப் பேணாது உழைப்போர்க்கு அறிவுரையாக அதனைக் கூறுதல் வழக்கம். ஆயின், சித்திரக்காரனுக்கே சுவராக நிற்பது யாது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதனை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. ஆம்பூரில் என் சிற்றப்பா தோல் பதனிடும் சாலையொன்றில் கணக்கெழுதி வருகிறார். அவர் மகன் பள்ளியிறுதி வகுப்பு முடித்துவிட்டுச் சென்னைக்குச் சென்று ஓவியம் பயில வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறான். சென்ற விடுமுறையில் சிற்றப்பா என்னை அழைத்து, “நீ படித்தவன், சொல், தம்பி. படம் எழுதினால் சோறு கிடைக்குமா?” என்று வினவினார். தமிழ் பயிலும் எனக்கும் அவ்வினா புதிதன்று. அன்று விடை கூற இயலாது வாளாவிருந்தேன்.

நம் பகுதிக்கு ஓவியம் அயலானதன்று. ஆம்பூரை அடுத்த மலையம்பட்டில் அர்மாமலை என்னும் குன்றில் ஒரு குகை உள்ளது. எட்டாம் நூற்றாண்டில் அது சமணர் கோயிலாக விளங்கிற்று. சித்தன்னவாசல் ஓவியங்களை ஒத்த வண்ணச் சித்திரங்கள் அங்கே சிதைந்த நிலையில் இன்றும் காணப்படுகின்றன. தீட்டியவர் பெயர் ஒன்றும் எஞ்சவில்லை. எனினும், அவரைப் பேணி உணவளித்தோர் இருந்திருத்தல் வேண்டும். அக்காலத்தில் கோயிலும் அரண்மனையுமே ஓவியனுக்குச் சுவராயின. அவை கைவிட்ட பின்னர் அவன் தன் சுவரைத் தானே எழுப்ப வேண்டியவனானான்.

அங்ஙனம் எழுப்பிக் காட்டியவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்த இவர், குடும்பத்தைக் காக்கும் பொருட்டு இளமையிலேயே தந்தி இலாகாவில் பணிபுரிந்தார். பின்னர் அவ்வேலையைத் துறந்து, 1936-இல் சென்னை ஓவியக் கலாசாலையில் மாணவராய்ச் சேர்ந்தார். 1850-ஆம் ஆண்டு டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டரால் தொடங்கப்பட்ட அக்கலாசாலைக்கு அப்போது தலைவராயிருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. 1957-இல் பணிக்கரே அப்பதவியை ஏற்றார்.

தம் மாணவர்கள் தேர்ச்சி பெற்று வெளியேறியதும் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கைவிடுவது கண்டு அவர் வருந்தினார். அவர் கண்ட வழி மிக எளிது. கைத்தொழிலால் பொருளீட்டுக, அப்பொருளால் கலையைக் காக்க என்பதே அது. மாணவர்களும் அவரும் கூடிப் பத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டி நிலம் வாங்கி, 1966-ஆம் ஆண்டு சோழமண்டலம் என்னும் கலைக் கிராமத்தை நிறுவினர்.

பத்திக் என்பது சாவகத் தீவில் சிறந்து வளர்ந்த துணிவண்ணக் கலை. வண்ணம் ஏறக்கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைத் தடவித் துணியைச் சாயத்தில் தோய்ப்பர். உலர்ந்த பின் வேறிடங்களில் மெழுகிட்டு, முன்னதினும் அடர்ந்த நிறத்தில் மீண்டும் தோய்ப்பர். இளநிறம் முன்னும் கருநிறம் பின்னுமாக இது நிகழும். இறுதியில் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்குவர். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் நுழைந்து, நரம்பு போன்ற மெல்லிய கோடுகள் தோன்றும். நம்மூர்த் தோல் தொழிலிலும் இத்தகைய பொறுமையே வேண்டும். முன்னாளில், சுண்ணாம்பில் ஊறி, மயிரும் சதையும் நீங்கி, ஆவாரம்பட்டை நீரில் பல நாள் கிடந்த பின்னரே தோல் பதமாயிற்று. விரைவு இரண்டையும் கெடுக்கும்.

சோழமண்டலத்து இளம் ஓவியனின் நாள் இவ்விரு வேலைகளுக்கும் பகுக்கப்பட்டது. ஒரு பகுதி நேரம் கைத்தொழில்; எஞ்சிய நேரம் தன் குடிசையில் தன் ஓவியம். அங்கும் ஊக்கம் வரும் வரை காத்திருத்தல் என்பதில்லை. துணியைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டுதல், அதன்மேல் வெண்பூச்சிடுதல், கரித்துண்டால் வரைதல், நெய்வண்ணம் பூசி உலரவிடுதல், விலகி நின்று நோக்குதல், பிழை கண்டவிடத்துச் சுரண்டி மீண்டும் தொடங்குதல் ஆகிய இவையே ஓவியனின் அன்றாடத் தொழில். புறத்தார் அருள் என்று கருதுவதிற் பெரும்பகுதி பழக்கமேயாகும்.

எனினும், சோறு ஒன்றே சுவராகிவிடாது என்பதற்கும் அக்கிராமமே சான்று. கே. இராமாநுஜம் என்னும் இளைஞர் அங்கு வாழ்ந்தார். திருத்தமாகப் பேச இயலாத அவரைப் பணிக்கர் அன்புடன் ஆதரித்தார். பேனாவும் மையும் கொண்டு, நுண்கோடுகளால் கனவு மாளிகைகளையும் விந்தை விலங்குகளையும் அவர் வரைந்தார். அவற்றினிடையே தொப்பி அணிந்த உருவமாகத் தம்மையும் வைத்தார். இத்துணை ஆற்றல் இருந்தும் மனத்துயரை வெல்ல மாட்டாது 1973-இல் இளமையிலேயே உயிர் துறந்தார். கலைஞனுக்கு உறையுளும் உணவும் வேண்டும்; அவன் உள்ளத்தை அறிந்து உடனிருப்பாரும் வேண்டும்.

பணிக்கர் 1977-இல் மறைந்தார். அவர் எழுப்பிய கிராமம் இன்றும் நிலைத்துள்ளது. மாமல்லபுரம் செல்லும் அன்பர்கள் வழியில் இறங்கி, அங்கு 2009-இல் திறக்கப்பட்ட கலைக்கூடத்தைக் காண்பாராக.

இப்பொழுது என் சிற்றப்பாவுக்கு விடை கூறுவேன்: “படம் மட்டும் எழுதினால் சோறு கிடைக்கும் என்று உறுதி கூற என்னால் இயலாது. ஆனால், ஒரு கைத்தொழிலையும் உடன் கற்றுக்கொண்டால் அவன் சுவரை அவனே எழுப்பிக்கொள்வான். அது எழும்பும் வரை, ஐயா, தாங்களும் நானும் அவனுக்குச் சுவராக நிற்போம்.”