டீசல் வண்டியின் கரி வடிகட்டியை அகற்றலாமா?

அந்தமான் தீவுகளில் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கு கடைகளையும் வீடுகளையும் சென்றடைவதற்குச் சிறிய டீசல் பிக்கப் வண்டிகள் பெரிதும் பயன்படுகின்றன. சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய இடங்களிலிருந்து கப்பலில் வரும் அரிசி, சிமெண்டு, காய்கறி முதலியனவும், மீன் துறையிலிருந்து சந்தைக்குச் செல்லும் மீனும் இவற்றில் ஏற்றப்படுகின்றன. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின் விளைவாக, அதன்பின் விற்கப்பட்ட இத்தகைய வண்டிகளில் புகையைத் தூய்மைப்படுத்தும் சாதனங்கள் பல அமைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றாகிய கரி வடிகட்டி அடைபட்டு, எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் இழுக்க மறுக்கும்பொழுது, அதைக் கழற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்ற யோசனை எந்த ஊர்ப் பட்டறையிலும் எழுவது இயல்பே. வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு இது அற்ப விஷயமன்று. புதிய வடிகட்டியின் விலை பல்லாயிரம் ரூபாய். அதுவும் கப்பலிலோ விமானத்திலோ வரவேண்டும். வரும்வரை வண்டி நின்றால் வருமானமும் நிற்கும். ஆகவே இந்த யோசனையை வெறும் சட்ட மீறல் என்று தள்ளிவிடாமல், அதன் இலாப நஷ்டங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்பதே முறையாகும்.

முதலில் அச்சாதனங்களின் வேலை யாதென அறிதல் வேண்டும். டீசல் எஞ்சினில் எரிபொருள், நெருக்கப்பட்டுச் சூடேறிய காற்றில் துளித் துளியாகப் பீய்ச்சப்பட்டு எரிகிறது. துளியின் நடுவில் பிராணவாயு போதாமையால் ஒரு பகுதி முழுவதும் எரியாமல் கரித்துகளாக எஞ்சுகிறது. சுடரின் மிக வெப்பமான பகுதியிலோ, காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகின்றன. இவ்விரு தீமைகளும் துலாக்கோலின் இரு தட்டுகளைப் போன்றவை. ஒன்றைத் தாழ்த்தினால் மற்றது உயரும். எனவே இரண்டிற்கும் தனித்தனிச் சாதனங்கள் தேவைப்படுகின்றன. பட்டறைகளில் ஈ.ஜி.ஆர். என வழங்கும் வால்வு, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்திச் சுடரின் உஷ்ணத்தைக் குறைக்கிறது. சில வண்டிகளில் யூரியாக் கரைசலைப் புகைக்குழாயில் தெளித்து, அதிலிருந்து பிறக்கும் அம்மோனியாவினால் நைட்ரஜன் ஆக்ஸைடுகளைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகின்றனர். கரித்துகளைப் பிடிப்பது டி.பி.எஃப். எனப்படும் வடிகட்டி.

வடிகட்டியின் அமைப்பு எளிது. தேன்கூட்டைப் போன்ற பீங்கான் கட்டியொன்றில் மெல்லிய குழல்கள் நெடுக ஓடுகின்றன. அடுத்தடுத்த குழல்களில் ஒன்றின் முன்வாயும் மற்றதன் பின்வாயும் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரு குழலில் புகுந்த புகை, நுண்துளைகள் நிறைந்த சுவரின் ஊடே கசிந்து அடுத்த குழலின் வழியாகவே வெளியேற முடியும். கரி சுவரில் தங்கிவிடும். இம்முறையால் கரியின் எடையில் 100-க்கு 90 பங்குக்கு மேல் தடுக்கப்படுகிறது. பிளாட்டினம், பல்லாடியம் போன்ற அரிய உலோகங்கள் பூசப்பட்டிருப்பதே இதன் விலை மிகுதிக்கு ஒரு காரணம். இது புதுமையான பொருளுமன்று. 2000-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டுப் பெஜோ நிறுவனம் தன் 607 என்னும் காரில் இதை அமைத்து விற்கத் தொடங்கியது. இந்தியாவிற்கு வர 20 ஆண்டுகள் சென்றதற்கு டீசலில் இருந்த கந்தகம் ஒரு முக்கிய காரணம். கிலோவுக்கு 350 மில்லிகிராமாக இருந்த கந்தகம் 50 ஆகி, 2020-இல் 10-ஆகக் குறைந்த பின்னரே இச்சாதனங்கள் பழுதின்றி வேலை செய்யத்தக்க நிலை நாடெங்கும் ஏற்பட்டது.

பிடித்த கரியை வடிகட்டி என்ன செய்கிறது என்பதில்தான் தீவுகளின் சங்கடம் அடங்கியுள்ளது. கரியை அவ்வப்பொழுது எரித்துக் கரியமில வாயுவாக்கி வெளியேற்றினாலன்றி வடிகட்டி அடைபடும். நீண்ட சாலையில் பாரத்துடன் செல்லும் வண்டியில் புகையே 250 முதல் 400 டிகிரி சென்டிகிரேட் வரை சூடேறுவதால், வினையூக்கியின் துணையுடன் கரி தானாகவே மெல்ல எரிந்துவிடும். இது போதாவிடில் எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி தாமதமாகச் சிறிது டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியின் உஷ்ணத்தை 600 டிகிரி அளவிற்கு உயர்த்திக் கரியை எரிக்கும். இதற்கு ஏறத்தாழ கால் மணி முதல் 20 நிமிடம் வரை இடையறாத ஓட்டம் வேண்டும். துறைமுகத்திலிருந்து கடைவீதிக்கு நான்கு கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் வண்டிக்கு அது எங்கே கிட்டும்?

அந்தமான் நெடுஞ்சாலையிலும் நிலைமை வேறு வகையில் கடினமே. ஜிர்காட்டாங் சாவடிக்கு அப்பால் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதி உள்ளது. அதனூடே வாகனங்கள் குறித்த நேரங்களில் காவலருடன் அணிவகுத்து, மணிக்கு 40 கிலோமீட்டர் வேக வரம்பிற்குள், முந்தாமலும் நிறுத்தாமலும் செல்லவேண்டும். அம்மக்களின் நலனுக்காக ஏற்பட்ட இவ்விதிகள் தளர்த்தப்பட வேண்டியவையல்ல. ஆயினும் சாவடியில் எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருப்பதும், பின்னர் ஊர்ந்து செல்வதும் புகையைக் குளிரச் செய்து கரியைச் சேர்க்கின்றன என்பது உண்மை. சாவடியில் எஞ்சினை நிறுத்திவைப்பது இதற்குச் செலவில்லாத பரிகாரம்.

இங்கே பலர் அறியாத ஒரு குறிப்பைச் சற்று விரித்துரைத்தல் பயனுடையது. கரியை எரிக்க வேண்டுவது வேகமன்று, வெப்பம். மேடும் பள்ளமுமான தீவுச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டருக்குள்ளேயே, ஒரு கியர் குறைத்து, எஞ்சினைச் சற்று விரைவாகச் சுழலவிட்டுப் பாரத்துடன் ஏறினால் புகை போதிய அளவு சூடேறும். எரிபொருள் மிச்சமாகும் என்றெண்ணி எப்பொழுதும் மேல் கியரில் முனகிக்கொண்டு செல்லும் பழக்கம் வடிகட்டிக்குப் பகையாகும். மற்றொன்று: எரிக்கும் வேலை நடுவில் மீண்டும் மீண்டும் தடைபட்டால், தாமதமாகப் பீய்ச்சப்பட்ட டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயில் கலந்துவிடும். அளவுக் குச்சியில் எண்ணெயின் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் அதுவே அடையாளம். எண்ணெய் ஏறியிருப்பதைக் கண்டு மகிழ்வது தவறு; நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்குகளைத் தேய்த்துவிடும். அதை உடனே மாற்றவேண்டும்.

விளக்கு எரிந்தவுடன் வடிகட்டியையே குற்றவாளியாகக் கொள்வதும் பொருந்தாது. வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளக்கும் உணர்கருவிக்கு இரு சிறு ரப்பர் குழாய்கள் செல்கின்றன. வெப்பத்தில் அவை வெடித்தாலும், உப்புக் காற்றில் மின்னிணைப்பு களிம்பேறினாலும், கருவி பொய்யான அளவையே காட்டும். சில நூறு ரூபாய்க் குழாய்க்காகப் பல்லாயிரம் ரூபாய் வடிகட்டியை வெட்டியெறிவது என்ன சிக்கனம்? டீசல் பீய்ச்சும் மூக்கு ஒழுகினாலும், டர்போவில் எண்ணெய் கசிந்தாலும், ஈ.ஜி.ஆர். வால்வு கரியேறி இறுகினாலும் மிகையான கரி உண்டாகி வடிகட்டி விரைவில் அடைபடும். அந்நிலையில் வடிகட்டியை அகற்றுவது, வீட்டில் புகை வருகிறதென்று ஜன்னலைப் பெயர்த்தெடுத்து அடுப்பை அப்படியே விட்டுவைப்பது போன்றது. நோய் எஞ்சினிலேயே தங்கிவிடும். அதைக் காட்டிக்கொடுத்த விளக்கு மட்டும் அணைந்துவிடும்.

அகற்றுவோர் எதிர்பார்க்கும் இலாபங்கள் இரண்டு. எஞ்சினின் இழுப்புச் சக்தி கூடும், டீசல் செலவு குறையும் என்பர். அடைபட்ட வடிகட்டியுடன் ஒப்பிட்டால் இது உண்மைதான். நல்ல நிலையிலுள்ள வடிகட்டியுடன் ஒப்பிட்டால் வேற்றுமை சொற்பம். அதுவன்றிப் பெட்டியை மட்டும் அகற்றினால் வண்டி ஓடாது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் கணக்குகளையும் மாற்றி எழுதவேண்டும். அம்மாற்றத்தை எழுதியவர் டீசல் அளவையும் கூட்டியிருந்தால், கரும்புகை பெருகி டர்போவும் பிஸ்டனும் மிகையான சூட்டிற்கு ஆளாகும். உற்பத்தியாளரின் உத்தரவாதம் அன்றோடு முடிந்துவிடும். பெட்டியை அறுத்து, உள்ளிருக்கும் பீங்கானைக் குடைந்தெடுத்து, வெளியே தெரியாதவாறு பற்றவைக்கும் முறையும் உண்டு. அதில் பறக்கும் பீங்கான் தூளையும் கரியையும் முதலில் சுவாசிப்பவர் அவ்வேலையைச் செய்யும் பட்டறைத் தொழிலாளரே.

இனி நஷ்டத்தின் மறுபக்கம். பிக்கப் வகையில் கனமான பிரிவுக்கு பாரத் ஸ்டேஜ் 4 விதி அனுமதித்த துகள் அளவு கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம்; ஸ்டேஜ் 6 அனுமதிப்பது 4.5 மட்டுமே. ஆண்டிற்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு வண்டிக்கு இவ்வரம்புகளைக் கொண்டு கணக்கிட்டால், முன்னது 720 கிராம், பின்னது 54 கிராம். முக்கால் கிலோ கரி ஒரு பொருட்டா என்று தோன்றலாம். ஆனால் இதில் எடையைவிட எண்ணிக்கையே முக்கியம். டீசல் கரித்துகள்களில் பெரும்பாலானவை மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கினும் சிறியவை. மூக்கும் தொண்டையும் தடுக்க இயலாமல் நுரையீரலின் கடைசி அறை வரை செல்பவை. உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது.

நாற்புறமும் கடலும் ஓயாத காற்றும் சூழ்ந்த தீவுகளில், மின்சாரமே பெரும்பாலும் டீசல் யந்திரங்களிலிருந்து கிடைக்கும்பொழுது, ஒரு சிறு வண்டியின் புகை என்ன கெடுதல் செய்துவிடும் என்ற வினாவும் எழும். இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. தில்லியைப் போன்ற புகைமூட்டம் ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) ஏற்படப் போவதில்லை. எனினும் கடற்காற்று புகையைக் கலைப்பதற்குள் அதைச் சுவாசிப்பவர் வண்டிக்கு அருகில் இருப்பவரே. பின்புறம் நின்று மூட்டை இறக்கும் தொழிலாளி, சந்தையில் மீன் விற்கும் பெண், காட்டுச் சாலை அணிவகுப்பில் பின்னால் வரும் பஸ்ஸின் பிரயாணிகள் ஆகியோர் அத்தகையோர். ஒன்றன்பின் ஒன்றாக, முந்துவதற்கும் வழியின்றிச் செல்லும் வரிசையில் முன்வண்டியின் புகை பின்வண்டியின் ஜன்னலுக்குள் புகாமல் வேறெங்கே போகும்? வண்டியோட்டியும் தப்புவதில்லை, நாள்தோறும் அவ்வரிசையில் அவருக்கு முன்னும் ஒரு வண்டி உண்டு.

இவ்வழக்கம் பரவினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் சான்று. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்திய பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்திற்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் இச்சாதனங்கள் அகற்றப்பட்டிருந்தன. அவற்றால் கூடும் புகை, முறையான வண்டிகள் 90 லட்சத்திற்கு மேல் புதிதாகச் சாலைக்கு வந்ததற்கு ஒப்பாகும் என்று அம்மதிப்பீடு கூறிற்று. ஐரோப்பாவில் குடைந்தெடுத்த வடிகட்டிகள் வழக்கமான புகைச் சோதனையில் அகப்படாமற் போனதால், பெல்ஜியம் 2022-லும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-லும் துகள்களை எண்ணியே கணக்கிடும் சோதனையைக் கொண்டுவந்தன.

இந்தியாவில் மாசுச் சான்றிதழுக்காக டீசல் வண்டிக்குச் செய்யப்படும் சோதனை புகையின் கருமையை மட்டுமே அளக்கிறது. நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அளப்பதில்லை. எனவே சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதால் குற்றமில்லை என்றாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தம் அத்தகைய மாற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வகை செய்தது.

யூரியாக் கரைசல் வேண்டும் வண்டிகளைப் பற்றியும் ஒரு சொல். 100-க்கு 32.5 பங்கு தூய யூரியா கொண்ட அக்கரைசல் தீர்ந்துவிட்டால் வண்டி முதலில் எச்சரிக்கும். பின்னர் மீண்டும் கிளம்ப மறுக்கும். வயலுக்கு இடும் யூரியாவைக் கிணற்று நீரில் கரைத்து ஊற்றினால் அதிலுள்ள அசுத்தங்கள் வினையூக்கியைப் பாழாக்கும். கப்பல் தாமதமாகுமென அஞ்சிப் பல மாதத் தேவையை வாங்கி வெயிலில் அடுக்குவதும் நன்றன்று. 30 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் கரைசல் நெடுநாள் கெடாமல் இராது. நிழலான அறையில் ஓரிரு கேன்கள் இருப்பு வைத்தால் போதும்.

வடிகட்டி உண்மையாகவே அடைபட்டிருந்தாலும் புதிதாக வாங்குவது கடைசி வழியே. விளக்கு எரியத் தொடங்கிய நிலையில், சோதனைக் கருவி உள்ள பட்டறையில் நின்றபடியே கரியை எரிக்கச் செய்யலாம். அப்பொழுது புகைக்குழாய் மிகச் சூடேறுமாதலால் காய்ந்த புல்லோ ஓலையோ அருகில் இருத்தலாகாது. எஞ்சின் எண்ணெயிலுள்ள கால்சியம், துத்தநாகம் முதலியவற்றின் சாம்பல் மட்டும் எரியாமல் தங்கும். அதனால்தான் சாம்பல் குறைந்த எண்ணெயையே ஊற்றும்படி கையேடு வற்புறுத்துகிறது. மலிவான வேறு எண்ணெய் வடிகட்டியின் ஆயுளைக் குறைக்கும். சேர்ந்த சாம்பலை வடிகட்டியைக் கழற்றிக் காற்றாலும் நீராலும் கழுவி நீக்கலாம். நகருக்குள்ளேயே சுற்றும் வண்டியை வாரத்திற்கு ஒருமுறை பாரத்துடன் ஃபெரார்கஞ்சு வரை நிற்காமல் ஓட்டிவந்தால், போகவர ஆகும் டீசல் ஏறத்தாழ ஐந்து லிட்டர்.