காற்றிலோர் ஒளியிழை

சாளரத்தின் வழியே அறையுட் புகும் ஞாயிற்றின் கதிரைக் காணுங்கால், காற்றினை அக்கதிரின் செலவுக்குரிய வெறும் வழியென்றே நாம் கருதுகின்றோம். கதிர் சென்றபின் காற்று முன்போலவே இருக்கின்றது. காற்றும் கதிரைத் தடுப்பதாகத் தோன்றவில்லை. விளக்கொளிக்கும் ஞாயிற்றொளிக்கும் இக்கருத்துப் பொருந்துவதே. ஆயின் ஒளி மிகச் சுருங்கிய காலத்தில் மிகுந்த வலிமையோடு பாயுமாயின், காற்று வெறும் வழியாக நில்லாது. அஃது ஒளியை வளைக்கும். ஒளி அதனைச் சிதைக்கும். இவ்விரண்டன் பிணக்கிலிருந்து விளைவதோர் ஒளியிழையின் வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

முதற்கண் இவ்வொளியின் அளவை அறிதல் வேண்டும். ஒன்றுக்குப்பின் பதினைந்து பூச்சியம் இட்ட எண்ணால் ஒரு விநாடியை வகுத்தால் வருவது ஒரு பெம்ட்டோ விநாடி. ஒரு விநாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, 100 பெம்ட்டோ விநாடியில் நம் தலைமயிரின் பருமனளவுகூடச் செல்வதில்லை. லேசர்க் கருவியொன்று இச்சிறு காலத்தில் 5 மில்லி ஜூல் ஆற்றலை வெளிவிடுவதாகக் கொள்வோம். ஒரு கிராம் எடையை அரை மீட்டர் உயரம் தூக்குவதற்கு வேண்டிய ஆற்றலே அது. எனினும் அது வெளிப்படும் காலம் அத்துணைச் சிறிதாதலின், அக்கணத்தில் அதன் வலிமை ஐயாயிரம் கோடி வாட் ஆகின்றது. பெருமை ஆற்றலின் மிகுதியாலன்று, காலத்தின் குறுக்கத்தால் என்பதை நாம் மறத்தலாகாது.

இத்தகைய துடிப்பை நேரே பெருக்க முயன்றால், பெருக்கும் படிகமே உடைந்துபோம். இவ்விடரை நீக்கும் வழியை 1985-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ராச்செஸ்டர் நகரில் டோனா ஸ்டிரிக்லண்டு என்னும் அம்மையாரும் அவர்தம் ஆசிரியர் ஜெரார் மூருவும் கண்டனர். துடிப்பைக் காலத்தில் நீட்டி வலிமை குறைத்து, அந்நிலையிற் பெருக்கி, முடிவில் மீண்டும் சுருக்குதலே அவ்வழி. இதன்பொருட்டு 2018-இல் அவ்விருவரும் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர்.

இனி இவ்வொளி காற்றிற் புகுந்தால் நிகழ்வது யாது? கிளாஸ்கோ நகரில் ஆசிரியராயிருந்த ஜான் கெர் என்பார், மின்விசைக்கு உட்பட்ட கண்ணாடியில் ஒளி செல்லும் இயல்பு மாறுவதை 1875-இல் கண்டறிந்தார். ஒளியும் தன்னுள் மின்விசை உடையதே. ஆதலின் மிக வலிய ஒளி, தான் செல்லும் காற்றின் இயல்பைத் தானே மாற்றுகின்றது. ஒளிக்கற்றையின் நடுவே வலிமை மிகுதி. ஆகவே அங்கே ஒளியின் வேகம் சற்றே குறைகின்றது. வரிசையாக நடக்கும் படையில் நடுவிலுள்ளோர் தாமதிக்க இருபுறத்தாரும் விரைந்தால், வரிசை வளைந்து புறத்தார் உள்நோக்கித் திரும்புவரன்றோ? அவ்வாறே கற்றையும் உள்நோக்கிக் குவிகின்றது. காற்றே ஒரு குவிவில்லை ஆகின்றது. கட்புலனாகும் சிவப்பொளிக்குச் சற்று அப்பாற்பட்ட ஒளியாயின், சில நூறு கோடி வாட் வலிமையே இதற்குப் போதும்.

குவியக் குவிய வலிமை மிகும். வலிமை மிக மிகக் குவிதலும் மிகும். அங்ஙனமாயின் கற்றை ஒரு புள்ளியாய் ஒடுங்கிவிடாதோ எனின், ஒடுங்காது. காற்றிலுள்ள பிராணவாயுவின் மூலக்கூற்றிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிரிக்க, இவ்வொளியின் துகள் ஒன்று போதாது. ஏறக்குறைய எட்டுத் துகள்கள் ஒருங்கே தாக்குதல் வேண்டும். எளிய ஒளியில் இது நிகழ்வதரிது. மிகச் செறிந்த ஒளியில் நிகழ்கின்றது. விடுபட்ட எலெக்ட்ரான்கள் செறிந்த இடத்தைப் பிளாஸ்மா என்பர். அது குழிவில்லைபோல் ஒளியை விரிக்கும். காற்று குவிக்க, பிளாஸ்மா விரிக்க, இரண்டும் தம்முள் ஒத்து நிற்குமிடத்தில் மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள மெல்லிய இழை தோன்றி நெடுந்தூரம் செல்கின்றது. 1995-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இவ்விழையைக் காற்றில் ஏறத்தாழ 20 மீட்டர் தூரம் தொடரக் கண்டனர். மேலும் வலிமை ஊட்டினாலும் இழையின் செறிவு மிகுவதில்லை. கற்றை பல இழைகளாகப் பிரிகின்றது.

இவ்விழையால் ஆவதென்னவெனின், மின்னலுக்கு வழிகாட்டலாம் என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் கண்ட இடிதாங்கி இன்றும் வீடுகளைக் காக்கின்றது. எனினும் அது காக்கும் பரப்பு ஏறக்குறைய அதன் உயரத்தைப் பொறுத்ததே. பரந்த விமான நிலையத்தைக் காக்கும் அளவுக்கு நெடிய கம்பியை நாட்டுதல் அரிது. ஒளியையோ வானோக்கி விடலாம்.

2004-இல் அமெரிக்க நாட்டு நியூ மெக்சிகோவின் மலையொன்றில் இதனை முயன்றனர். விநாடிக்குப் பத்துத் துடிப்புகளே விடுத்த அம்முயற்சியில் மின்னல் வழிப்படவில்லை. காரணம் அறியத்தக்கது. பிளாஸ்மா தோன்றிய அளவிலேயே மறைவது. ஆயின் அதனாற் சூடேறிய காற்று புறத்தே விலக, அடர்த்தி குறைந்த காற்றுக்குழலொன்று விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்களவு நிற்கும். மின்னல் நாடுவது அவ்வழியையே. எனவே குழல் மறையுமுன் அடுத்த துடிப்பு வருதல் வேண்டும்.

2021-ஆம் ஆண்டுக் கோடையில், சுவிட்சர்லாந்து நாட்டில் 2,502 மீட்டர் உயரமுள்ள ஸென்டிஸ் மலையுச்சியில், விநாடிக்கு ஆயிரம் துடிப்பு விடுக்கும் லேசரை நிறுவினர். ஆங்குள்ள 124 மீட்டர்க் கோபுரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு முறை மின்னல் தாக்குவதுண்டு. இடிமழைக் காலங்களில் ஆறு மணி நேரத்திற்கு மேல் லேசர் இயங்கியது. அவ்வேளைகளில் நான்கு மின்னல்கள் நிகழ்ந்தன. ஜூலை 24-இல் வானம் தெளிந்திருந்தமையால், கோபுரத்தினின்று எழுந்த மின்னல் ஏறக்குறைய 50 மீட்டர் தூரம் ஒளியிழையைத் தழுவிச் சென்றதை விரைவுக் கருவிகள் படம்பிடித்தன. 2023-இல் இச்செய்தி உலகிற்கு வெளியாயிற்று.

நான்கு மின்னலும் ஐம்பது மீட்டரும் பெரியவையல்ல. இவற்றை நம்பி எவரும் தம் இல்லத்து இடிதாங்கியைக் கழற்றலாகாது. எனினும் பிராங்க்ளினுக்குப்பின் இத்துறையில் திறந்த புதுவாயில் இது. அதனைத் திறந்தது ஒளியின் வலிமை மட்டுமன்று; குவித்தும் விரித்தும், விலகி வழிவிட்டும், ஒவ்வொரு படியிலும் காற்றே அதற்குத் துணை நின்றது. வெறும் வழியென்று நாம் கருதியிருந்த அதே காற்றுத்தான்.