கட்டியின் இயல்பைக் காட்டும் சாயங்கள்

புகையிலை மெல்லும் வழக்கமுள்ள ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் மூன்று வாரமாக ஆறாத புண் ஒன்று இருக்கிறதென்று கொள்வோம். மருத்துவர் அதிலிருந்து அரிசியளவு சதையைக் கிள்ளியெடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார். 'பயாப்ஸி' என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டார் கலங்குகின்றனர். கத்தி பட்டால் நோய் பரவும் என்று அயலார் கூறுவதை நம்பி மருத்துவமனைக்குப் போகாமலே நின்றுவிடுவோரும் உளர். வாய்ப்புண்ணைப் பொறுத்தவரை இவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை. அந்தச் சிறு துணுக்கு என்ன ஆகிறது என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது நல்லது.

முதலில் அது அழுகாதிருக்கப் பார்மலினில் இடப்படுகிறது. பிறகு அதிலுள்ள நீரை ஆல்கஹாலால் போக்கி, உருகிய பாரபின் மெழுகை ஊட்டி, சிறு கட்டையாக உறையவைப்பர். அக்கட்டையை ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கியதில் ஏறத்தாழ நான்கு கூறு கனமுள்ள ஏடுகளாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவர். முடிவு தெரிய நாட்கள் ஆவது இதனால்தான்.

சீவிய ஏடு பெரும்பாலும் நிறமற்றது. உருப்பெருக்கியில் வைத்தாலும் எதுவும் தெளிவாகத் துலங்காது. ஆகவே சாயமேற்றுகின்றனர். மெக்ஸிக்கோப் பகுதியில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து கிடைக்கும் ஹெமடாக்ஸிலின் முதற் சாயம். படிகாரம் போன்ற உப்பின் துணையின்றி இது திசுவில் நன்கு பற்றாது. சாயவேரின் சிவப்பைத் துணியில் நிலைநிறுத்த நம் நாட்டுச் சாயக்காரர் கையாண்ட அதே நுட்பந்தான் இது! மற்றொன்று இயோசின், கிரேக்கர் வைகறைக்கு வழங்கிய பெயரைத் தாங்கியது. முன்னது உயிரணுவின் உட்கருவை நீலமாக்கும். பின்னது அதனைச் சூழ்ந்த பகுதியை இளஞ்சிவப்பாக்கும்.

நலமுள்ள கன்னத்தின் உள்தோலில் அடிவரிசை உயிரணுக்கள் ஒரு மெல்லிய சவ்வின்மேல் ஒழுங்காக நிற்கும். மேலே செல்லச் செல்ல அவை தட்டையாகி, கடைசியில் உதிரும். புற்றுநோயில் இவ்வொழுங்கு குலைகிறது. உட்கருக்கள் பருத்துக் கறுத்து, ஒன்றைப்போல் ஒன்றில்லாதிருக்கும். ஆயினும் விகாரமான உட்கரு ஒன்றைக் கண்டமாத்திரத்தில் வல்லுநர் தீர்ப்புக் கூறுவதில்லை. நாட்பட்ட அழற்சியிலும் உட்கருக்கள் பருப்பதுண்டு. அடிச்சவ்வைக் கடந்து உட்சதைக்குள் உயிரணுக்கள் புகுந்துள்ளனவா என்பதே தலையாய கேள்வி. தீங்கற்ற கட்டியோ, எவ்வளவு பெரிதாயினும், அண்டைத் திசுவை ஒதுக்கித் தள்ளுமேயன்றிப் பொதுவாக ஊடுருவாது. வாய்ப்புற்று உட்புகுந்த இடத்தில் சில வேளைகளில் செந்நிறச் சுருள்கள் முத்துப்போல் திரண்டிருக்கும். அழகுக்குக் குறைவில்லை, பொருள்தான் கொடியது.

இவ்விரு சாயங்களும் போதாவிடில் வேறு முறைகள் உள. கழுத்துக் கட்டியைப் புற்று என்று அஞ்சியிருக்க, ஸீல்–நீல்சன் சாயத்தில் சிவந்த மெல்லிய கோல்கள் தென்பட்டால் அது பெரும்பாலும் காசநோய், மருந்தால் குணமாகக்கூடியது. குறிப்பிட்ட புரதங்களை மட்டும் பழுப்பாகக் காட்டும் எதிர்ப்பொருள் முறையும் இன்று வழங்குகிறது.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் ஓரூரில் சோதனை செய்துகொண்டு, சிகிச்சைக்கு வேற்றூர் செல்ல நேர்வதுண்டு. 1941இல் தொடங்கிய மும்பை டாட்டா நினைவு மருத்துவமனைக்கோ, 1954இல் தோன்றிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்துக்கோ செல்வோர் பலர். அப்போது முடிவுத்தாள் மட்டும் போதாது. மெழுகுக் கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டுப் பெறுக. கட்டை பல்லாண்டு கெடாது. அதிலிருந்தே புதிய ஏடு சீவிப் பார்க்கலாம். பெரும்பாலும் மீண்டும் சதை கிள்ள வேண்டியிராது. வெயிலில் மெழுகு இளகும், கண்ணாடியோ உடையும் பொருள். ரயிற் பயணத்தில் மூட்டைக்குள் திணிக்காமல், பஞ்சு சுற்றிய டப்பாவில் இட்டுக் கையோடு வைத்துக்கொள்க.