டாவைக் காட்டிக்கொடுக்கும் சிதறல்

ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்குழம்புக்குத் தாளித்து முடித்த ஓர் அடுப்படிக்குள் நுழைகிறீர்கள். கடுகு வெடித்ததை நீங்கள் பார்க்கவில்லை. ஆனால் அடுப்பைச் சுற்றியுள்ள தெறிப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடும். கடுகென்றால் நெருக்கமாக ஒன்றிரண்டு புள்ளிகள். கறிவேப்பிலையை ஈரத்தோடு போட்டிருந்தால் எண்ணெய் அகலமாக இறைந்திருக்கும்.

ஜெனிவா அருகே, செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்களை மோதவிட்டு டாவ் லெப்டானைத் தேடுவதும் இப்படித்தான். 1975-இல் மார்ட்டின் பெர்ல் குழு கண்டறிந்த இந்தத் துகள், எலக்ட்ரானைப்போல ஏறத்தாழ 3,500 மடங்கு எடை கொண்டது. ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடியாகக் கூறுபோட்டால் அதில் மூன்று கூறுதான் அதன் ஆயுள். ஒளிவேகத்தை ஒட்டி ஓடியும் சில மில்லிமீட்டருக்குள் சிதைந்துவிடும். நமக்குக் கிடைப்பது தெறிப்பு மட்டுமே.

மூன்றில் இரண்டு டாவ்கள் பையான் போன்ற துகள்களாகச் சிதைகின்றன. அவற்றில் மின்னூட்டம் உள்ளவை பெரும்பாலும் ஒன்று, இல்லையேல் மூன்று. குறுகலாகச் சேர்ந்தே பாயும். அது கடுகு. குவார்க் என்ற துகளின் சிதறல் கறிவேப்பிலை: அகலமானது, துகள்கள் ஏராளம். மோதல்களில் கறிவேப்பிலையே கொட்டிக் கிடப்பதால், கடுகைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடு.

இன்னொரு தடயம் வெறுமை. சட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் தெறித்து, ஜன்னல் பக்கம் மட்டும் சுத்தமாக இருந்தால், அங்கே தெறித்தவை வெளியே போய்விட்டன என்று அர்த்தம். டாவ் சிதையும்போதெல்லாம் நியூட்ரினோ என்ற துகள் அப்படித்தான் கருவியில் படாமல் தப்பிக்கிறது. மோதலுக்கு முன் பக்கவாட்டு உந்தம் பூச்சியம். பின்னும் கூட்டுத்தொகை பூச்சியமாகவே இருக்க வேண்டும். குறைகிற அளவைத்தான் நியூட்ரினோவின் கணக்கில் எழுதுகிறார்கள். எனக்கு இதில் மிக அழகாகப்படுவது இந்தக் கணக்குதான்.

ஆனால் நியூட்ரினோ கொண்டுபோனதை முழுதாக மீட்க முடியாததால், டாவ் இணையாகச் சிதைந்த ஹிக்ஸ் போசான் போன்ற துகளின் எடை மங்கலாகவே தெரியும். 91 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் எடையுள்ள இசட் போசானும் டாவ் இணையாகச் சிதையும், அதுவும் மிக அதிகமாக. எடை வரைபடத்தில் அதன் ஓரத்தில் ஒட்டிய சிறு மேடாகத்தான் 125-இல் ஹிக்ஸ் தெரிகிறது. ஹிக்ஸ் டாவ் இணையாகச் சிதைவதை 2017-இல் செர்னின் சிஎம்எஸ் குழு ஐயமற உறுதிசெய்தது. நம் மலாயாப் பல்கலைக்கழகமும் சென்னை ஐஐடியும் அந்தக் குழுவில் உள்ளன. இங்கே இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

எடை கூடிய துகளோடு ஹிக்ஸ் அதிகமாக உறவாடும் என்பது கோட்பாடு. டாவ், மியூவான் என்ற துகளைப்போல 17 மடங்கு எடை. சிதையும் வாய்ப்போ எடையின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். எனவே நூறு ஹிக்ஸில் ஆறு டாவ் இணையாகச் சிதைந்தால், மியூவான் இணை ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒன்றுதான் வர வேண்டும். அந்த அரிய சிதைவின் முதல் தடயம் 2020-இல் சிஎம்எஸ் குழுவுக்குக் கிடைத்தது.