பூட்டின கடிதமும் போஸ்ட்மேனும்: போரில் சிக்னல் உளவு எப்படி வேலை செய்யுது?

மெயிலில் அடிக்கடி வர்ற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். "நம்ம வாட்ஸ்அப் மெசேஜே என்கிரிப்ட் ஆகித்தான் போகுது. அப்படியிருக்க, ஒரு ராணுவம் பேசுறதை எதிரி எப்படிக் கேட்க முடியும்?"

பல நேரம் கேட்கவே வேண்டாம் என்பதுதான் பதில். ஒரு உதாரணத்தோட ஆரம்பிக்கிறேன்.

2023 ஜனவரி 1. உக்ரைனில், ரஷ்யா பிடித்து வைத்திருக்கும் டொனெட்ஸ்க் பகுதியில் மகீவ்கா என்று ஒரு ஊர். அங்கே ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரிக் கட்டடத்தில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்தாங்க. பல பேர் சில மாதங்களுக்கு முன்னால்தான் படைக்குத் திரட்டப்பட்டவங்க. புத்தாண்டு பிறந்த கையோட ஹைமார்ஸ் ராக்கெட்டுகள் அந்தக் கட்டடத்தில் விழுந்தன. இறந்தவங்க 63 பேர் என்று முதலில் சொன்ன ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம், பிறகு 89 என்று திருத்தியது. உக்ரைன் சொன்ன கணக்கு இதைவிடப் பல மடங்கு. முக்கியக் காரணமாக அமைச்சகம் சொன்னது: தடையை மீறி வீரர்கள் மொபைல் பயன்படுத்தினாங்க.

இது எப்படி நடக்கும்? உங்க ஃபோன் ஆன்ல இருந்தாலே போதும். நீங்க யாரையும் கூப்பிடாவிட்டாலும், "நான் இங்கே இருக்கேன்" என்று டவருக்கு அப்பப்போ சொல்லிக்கிட்டே இருக்கும். ஒரு ஃபோன் இருந்தால் அதில் விசேஷம் எதுவுமில்லை. போர்முனைக்குப் பக்கத்தில், ஒரே கட்டடத்தில், திடீரென்று நூற்றுக்கணக்கான ஃபோன்கள் தெரிந்தால்? என்ன பேசினாங்கன்னு தெரியத் தேவையே இல்லை.

என்கிரிப்ஷன் என்பது கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுற மாதிரி. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு போஸ்ட்மேனுக்குத் தெரியாது. ஆனால் யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்கு, வாரத்துக்கு எத்தனை கடிதம் போகுதுன்னு அவருக்கு நல்லாவே தெரியும். என்னை மாதிரி சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். டேட்டாவைத் திறக்காமலே, எந்த சர்வர் எதோட பேசுதுன்னு லாக்கைப் பார்த்தே சிஸ்டத்தோட படத்தை வரைஞ்சிடலாம்.

ராணுவத்தில் இதுக்கு டிராஃபிக் அனாலிசிஸ் என்று பேர். பத்து ரேடியோக்கள் ஒரே ஒரு ரேடியோவோட மட்டும் திரும்பத் திரும்பப் பேசினால், அந்த ஒன்று தலைமையகமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் உலகப் போரில், பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் கார்டன் வெல்ச்மன் இதைத்தான் செய்தார். ஜெர்மன் செய்திகளை உடைக்கிறதுக்கு முன்னாலேயே, அழைப்புக் குறியீடுகளை வைத்து எந்தப் படை எதோட தொடர்பில் இருக்குன்னு வரிசைப்படுத்தினார்.

அடுத்தது, இடம். ரேடியோ அலை ஆன்டெனாவை விட்டு வெளியே வந்தே ஆகணும். அது எந்தத் திசையிலிருந்து வருதுன்னு வெவ்வேறு இடங்களில் இருக்கிற இரண்டு ரிசீவர்கள் அளந்து கோடு போட்டால், கோடுகள் வெட்டிக்கிற இடத்தில்தான் ஆள். ரேடாருக்கும் இதே கதிதான். ஆன் செய்தால் எதிரிக்கு நீங்க தெரிவீங்க, ஆஃப் செய்தால் எதிரி உங்களுக்குத் தெரிய மாட்டார்.

அப்போ எல்லாத்தையும் அணைச்சிட்டு உட்கார்ந்திடலாமா? முடியாது. பேசாத படையால் சேர்ந்து சண்டை போட முடியாது. அதனால் ரொம்பச் சுருக்கமாகப் பேசுறாங்க, அலைவரிசையை நொடிக்கு நொடி மாத்துறாங்க, ஆன்டெனாவைத் தலைமையகத்திலிருந்து தள்ளி வைக்கிறாங்க. ஆபத்து குறையுமே தவிர, முழுசாகப் போகாது.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. சிக்னலை நம்பி ஏமாறவும் ஏமாறலாம். 1944-ல் நேச நாடுகள் தென்கிழக்கு இங்கிலாந்தில் இல்லாத ஒரு படைக்குப் பொய்யாக ரேடியோ பேச்சு நடத்தி, பா-து-கலே பகுதியில்தான் தாக்குதல் வரும் என்று ஜெர்மனியை நம்ப வைத்தாங்க. படைகள் இறங்கியது நார்மண்டியில்.

அந்த ஏமாற்றத்தில் தோற்றது ஒரு ராணுவம். இன்னைக்கு அதே மாதிரித் தப்பு நடந்தால் சாகிறது சம்பந்தமில்லாத ஆளாக இருக்கலாம். அமெரிக்காவின் என்.எஸ்.ஏ., சி.ஐ.ஏ. இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன், மெட்டாடேட்டாவை வைத்து நாங்கள் ஆட்களைக் கொல்கிறோம் என்று 2014-ல் ஒரு விவாத மேடையில் வெளிப்படையாகவே சொன்னார். சிம் கார்டு கை மாறும். தம்பி ஃபோனை அண்ணன் எடுத்துட்டுப் போவார். சிக்னல் காட்டுறது கருவியைத்தான், ஆளை இல்லை. அதனால்தான் படம், நேரில் பார்த்தவங்க தகவல் என்று வேறு வழிகளிலும் உறுதி செய்யணும்.

மகீவ்காவிலும் கேள்வி ஃபோனோட நிற்கலை. இத்தனை பேரை ஒரே கட்டடத்தில் தங்க வைத்தது யார், வெடிமருந்தை அவங்களுக்குப் பக்கத்திலேயே வைத்தது யார் என்று ரஷ்யப் போர்ப் பதிவர்களே கேட்டாங்க. ஃபோன் அவங்க இருந்த இடத்தைச் சொல்லியிருக்கலாம். ஒரே அடியில் இத்தனை பேர் சாகிற மாதிரி ஏற்பாடு செய்தது ஃபோன் இல்லை. புத்தாண்டு ராத்திரி வீட்டுக்குப் பேச நினைச்ச பையன் மேல பழியைப் போடுறது மேலதிகாரிகளுக்குச் சுலபம், அவ்வளவுதான்.

கேள்விகள் இருந்தால் மெயில் பண்ணுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.